மென்படல மீக்கடத்தியில் சுழல் பின்னிங்: மாறுநிலை மின்னோட்டம் உயர்ந்தும் நுண்ணலை இழப்பு ஏன் குறையவில்லை?

மென்படலன் (கேள்வி)

வணக்கம். ஒரே தடிமனுள்ள இரண்டு நியோபியம் படலங்களை ஒப்பிட்டு வருகிறேன். ஒன்று வெறும் படலம். மற்றதில் ஒரு மைக்ரோமீட்டர் இடைவெளியில் சதுர அணியாக நுண்துளைகள் உள்ளன. துளையிட்ட படலத்தின் மாறுநிலை மின்னோட்டம் (மின்தடையின்றி ஓடக்கூடிய உச்ச மின்னோட்டம்) நன்றாக உயர்ந்ததுடன், சுமார் 2 மில்லிடெஸ்லா புலத்தில் தெளிவான உச்சமும் தெரிந்தது. ஆனால் இதே படலங்களில் வெட்டிய ஒத்ததிர்விகளை (குறிப்பிட்ட அதிர்வெண்களில் அதிரும் சுற்றுகளை) நுண்ணலை வீச்சான சில ஜிகாஹெர்ட்ஸில் அளந்தபோது இழப்பு எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை. சுழல், அதாவது காந்தப் புலம் படலத்தை ஊடுருவும் மெல்லிய இழை, பின்னிங்கால் (ஓரிடத்தில் பிடித்து வைப்பதால்) நகராவிட்டால் இழப்பு இல்லை என்றுதானே பாடநூல்கள் சொல்கின்றன? இதை எப்படிப் புரிந்துகொள்வது?

குளிர்நிலை (மறுமொழி)

அந்த உச்சம் சரியான இடத்தில்தான் வந்திருக்கிறது. ஒரு சுழல் சுமக்கும் காந்தப் பாயம் 2.07 × 10⁻¹⁵ வெபர். அதை ஒரு சதுர மைக்ரோமீட்டரால் வகுத்தால் 2.07 மில்லிடெஸ்லா, அதாவது துளைக்கு ஒரு சுழல் என்ற நிலை.

இழப்பு எங்கே பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். மின்னோட்டம் சுழலை அதற்குச் செங்குத்தாகத் தள்ளுகிறது. சதுர மீட்டருக்கு 10¹⁰ ஆம்பியர் ஓடும் 100 நானோமீட்டர் படலத்தில் இந்த விசை சுழலுக்குச் சுமார் 2 பிக்கோநியூட்டன். சுழல் நகர்ந்தால் மின்புலம் தோன்றுகிறது. மின்புலமும் மின்னோட்டமும் சேர்ந்த இடத்தில் வெப்பம் உண்டாகிறது. அந்த வெப்பம் பெரும்பாலும் சுழலின் மையத்தில், மீக்கடத்தும் தன்மை அழிந்த குறுகிய பகுதியில் விரயமாகிறது. பார்டீனும் ஸ்டீபனும் 1965இல் காட்டியபடி, தடையின்றி ஓடும் சுழல்கள் தரும் தன்மின்தடை, இயல்நிலைத் தன்மின்தடையை, புலத்துக்கும் மேல் மாறுநிலைப் புலத்துக்கும் (மீக்கடத்தல் முற்றிலும் அழியும் புலம்) உள்ள விகிதத்தால் பெருக்கியதற்குச் சமம். இந்தச் சூத்திரத்தில் பின்னிங் எங்குமே இல்லை என்பதைக் கவனியுங்கள். துளையோ படிகக் குறைபாடோ சுழலின் உராய்வைக் குறைப்பதில்லை. சுழலைப் போகவிடாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவே. நேர்மின்னோட்டத்துக்கு அது போதும்.

அப்போதும் இழப்பு முழுச் சுழியம் ஆகிவிடுவதில்லை. ஆண்டர்சன் 1962இல் விளக்கியதுபோல, வெப்பக் கிளர்வால் சுழல்கள் ஒரு குழியிலிருந்து (துளையோ குறைபாடோ சுழலைப் பிடித்து வைக்கும் ஆற்றல் பள்ளத்திலிருந்து) அடுத்த குழிக்குத் தாவிக்கொண்டே இருக்கும். மெல்லிய படலத்தில் இது கூடுதலாகக் கவனிக்க வேண்டியது: துளையோ நெடுக்கு வாட்டிலான குறைபாடோ சுழலை முழு நீளத்துக்கும் பிடித்தாலும் அந்த நீளமே படலத்தின் தடிமன்தான் என்பதால், தடிமன் குறையக் குறையக் குழியின் ஆழமும் குறைந்து தாவல் எளிதாகிறது.

அலைவழி (மறுமொழி)

நண்பர் நேர்மின்னோட்டத்தை நன்றாக விளக்கிவிட்டார். நுண்ணலையில் நிலைமை வேறு. கரையில் கட்டிய படகு ஊர் போய்ச் சேராவிட்டாலும் அலையில் ஆடுவதுபோல, குழியில் அகப்பட்ட சுழலும் ஒவ்வொரு அலைவிலும் முன்னும் பின்னும் அசைகிறது, அசையும்போதெல்லாம் உராய்வில் ஆற்றலை இழக்கிறது. கிட்டில்மனும் ரோசன்பிளமும் 1966இல் இதற்கு ஓர் எளிய மாதிரியைத் தந்தார்கள். பின்னிங் குழியின் சுருள்மாறிலியைச் சுழலின் உராய்வை அளக்கும் பாகுநிலைக் கெழுவால் வகுத்தால் ஒரு கோண அதிர்வெண் கிடைக்கும். அதன் பத்தில் ஒரு பங்கில் இயக்கினால், கட்டற்ற சுழல்கள் தரும் இழப்பில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான் வரும். அந்தக் கோண அதிர்வெண்ணிலேயே இயக்கினால் பாதி வரும். அதைத் தாண்டிவிட்டால் பின்னிங் இருந்தும் இல்லாததுபோல்தான்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது, குழி எவ்வளவு ஆழம் என்பதைவிட அதன் அடிப்பகுதி எவ்வளவு செங்குத்தாக எழுகிறது என்பதுதான். மாறுநிலை மின்னோட்டம் குழிச்சுவரின் உச்சச் சரிவைச் சொல்கிறது. நுண்ணலை இழப்போ அடிப்பகுதியின் வளைவைப் பொறுத்தது. அகலமான துளை முதலாவதில் உதவி, இரண்டாவதில் கைவிடலாம். துளைகளுக்கு வெளியே, இடைவெளிகளில் தங்கிய சுழல்கள் இன்னும் மோசமானவை.

இன்னொன்று: ஒத்ததிர்வியை எந்தப் புலத்தில் குளிர்வித்தீர்கள்? குறுகிய பட்டையில் சுழல்கள் சிக்கத் தொடங்கும் புலம், பாயக் குவாண்டத்தை (ஒரு சுழல் சுமக்கும் பாயத்தை) பட்டை அகலத்தின் வர்க்கத்தால் வகுத்த அளவையொட்டியது. அகலம் 10 மைக்ரோமீட்டர் என்றால் அது 20 மைக்ரோடெஸ்லா அளவில் நிற்கும். பூமியின் புலமே 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரை. காந்தக் காப்பு இல்லாமல் குளிர்வித்தால் நீங்கள் அறியாமலே சுழல்கள் குடியேறிவிடும். நுண்ணலை மின்னோட்டம் பட்டையின் ஓரங்களில்தான் குவிகிறது என்பதால், அங்கே அகப்பட்ட சுழல் நடுவில் உள்ளதைவிட அதிகம் இழக்கும்.

மென்படலன்

மிக்க நன்றி. அப்படியானால், குறைந்த அதிர்வெண்ணில் பின்னிங்கை எவ்வளவு கூட்டினாலும் நல்லது என்று கொள்ளலாமா?

குளிர்நிலை

மாறுமின்னோட்டத்தின் வீச்சைப் பொறுத்தது. வீச்சு பெரிதானால் சுழல்கள் குழிகளை விட்டு வெளியேறி, ஓரத்திலிருந்து உள்ளே நுழைந்தும் வெளியேறியும் தயக்க இழப்பை (ஒவ்வொரு சுற்றிலும் மீளாமல் போகும் ஆற்றலை) உண்டாக்கும். நாரிஸ் 1970இல் கணக்கிட்ட மெல்லிய பட்டையில், மின்னோட்டம் சிறிதாக இருக்கும்போது ஒரு சுற்றுக்கான இழப்பு மின்னோட்டத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்திலும், மாறுநிலை மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்திலும் அமைகிறது. அங்கே வலுவான பின்னிங் பெரும் நன்மை. ஆனால் படலத்துக்குச் செங்குத்தான பெரிய மாறுபுலம் சுழல்களைப் பட்டை முழுதும் செலுத்திவிட்டால், இழப்பு மாறுநிலை மின்னோட்டத்துக்கு நேர்விகிதமாகிவிடும்; அங்கே பின்னிங்கைக் கூட்டினால் வெப்பமும் கூடும். இட்ரியம் பேரியம் தாமிர ஆக்சைடு என்ற மீக்கடத்தியாலான நாடாக்களைக் குறுகிய இழைகளாகக் கீறுவது இதனால்தான்: இழை ஒவ்வொன்றின் இழப்பும் அகலத்தின் வர்க்கத்தைச் சார்ந்திருப்பதால், ஒரு நாடாவை பத்து இழைகளாகப் பிரித்தால் மொத்த இழப்பு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது, பின்னிங்கைத் தொடவே வேண்டியதில்லை.

உங்கள் அளவீட்டுக்கு நான் பரிந்துரைப்பது: காந்தக் காப்புக்குள் ஒருமுறையும், 2.07 மில்லிடெஸ்லாவில் ஒருமுறையும், அதன் பாதியில் ஒருமுறையும் குளிர்வித்து, ஒத்ததிர்வியின் அடுத்தடுத்த மேற்சுரங்களிலும் இழப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிர்வெண் ஏற ஏற இரு படலங்களும் ஒன்றையொன்று நெருங்கினால், அலைவழி சொன்ன எல்லையைத் தாண்டிவிட்டீர்கள் என்று கொள்ளலாம்.