போக்கரில் ஆல் இன் (கையிலுள்ள எல்லாச் சிப்களையும் பந்தயம் வைப்பது) போவதற்குச் சரியான நேரம் எது? மூன்று போட்டிகளாக ஒரே சிக்கல்

கேள்வி:
வணக்கம். நோ லிமிட் ஹோல்டெம் (பந்தயத்துக்கு உச்சவரம்பு இல்லாத போக்கர் வகை) போட்டிகளில் நான் தொடர்ந்து ஒரே விதமாகவே வெளியேறுகிறேன். கடைசிப் போட்டியில் பிளைண்ட் (சீட்டுப் பார்க்கும் முன்பே இருவர் முறைவைத்துக் கட்டும் கட்டாயப் பந்தயம்; சிறியது சுமால், பெரியது பிக்) 500/1000 ஆகவும், பிக் பிளைண்டில் இருப்பவர் கட்டும் ஆன்டி (கூடுதல் கட்டாயத் தொகை) 1000 ஆகவும் இருந்தபோது என்னிடம் 14,000 சிப்கள் இருந்தன. நல்ல சீட்டு வரட்டும் என்று காத்திருந்ததில் நான்கே சுற்றுகளில் அது 4,000 ஆகக் கரைந்துவிட்டது. பிறகு பட்டனில் (பிளைண்ட் கட்டும் இருவருக்குச் சற்று முந்தைய இடம்) ஏஸ்-7 வந்ததும் ஆல் இன் போனேன். பிக் பிளைண்டில் இருந்தவர் ஜாக்-5ஐ வைத்துக்கொண்டு யோசிக்காமல் கால் செய்தார் (அதே தொகையைக் கட்டி மோதினார்). மேசையில் பொதுவாக விரிக்கும் முதல் மூன்று சீட்டுகளிலேயே ஜாக் விழுந்துவிட்டது. தவறு அவருடையதா, என்னுடையதா?

பதில் 1:
அவர் செய்தது சரியே. பிளைண்டாக 1,000 ஏற்கெனவே கட்டியிருப்பதால், அவர் மேற்கொண்டு 3,000 போட்டால் நடுவில் குவிந்திருக்கும் 6,500ஐ (உங்கள் 4,000, பிளைண்டுகள் 1,500, ஆன்டி 1,000) வெல்லலாம் என்பதால், 32 சதவீத வாய்ப்பு இருந்தாலே அவருக்குப் போதும். ஏஸ்-7க்கு எதிராக ஜாக்-5 மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே வெல்லும். இதே சீட்டுடன், இரண்டு சுற்றுகளுக்கு முன்பு 9,000 இருந்தபோது நீங்கள் போயிருந்தால், அவர் 8,000 போட வேண்டியிருந்திருக்கும். அதற்கு 41 சதவீதம் தேவை என்பதால் ஜாக்-5ஐ மடக்கியிருப்பார் (சீட்டைக் கைவிட்டு விலகியிருப்பார்). எதிரியை மடக்க வைக்கும் வலிமை உங்கள் சிப்களுக்கு இருக்கும்போதே போய்விட வேண்டும். நீங்கள் நான்கு சுற்றுகளில் இழந்தது அந்த வலிமையைத்தான்.

பதில் 2:
மேலே சொன்னதுடன் ஒரு கணக்கைச் சேர்க்கிறேன். பட்டனிலிருந்து 9,000ஐ முழுவதும் தள்ளுகிறீர்கள், கால் வந்தால் 35 சதவீதமே வெல்வீர்கள் என்று வைத்துக்கொண்டால்கூட, நூற்றுக்கு 47 முறை எல்லோரும் மடக்கினாலே உங்களுக்கு நட்டமில்லை. இடத்தையும் பாருங்கள்: ஒன்பது பேர் மேசையில் முதலில் பேசும் இடத்தில் அதே ஏஸ்-7ஐ நான் மடக்கிவிடுவேன், ஏனென்றால் பின்னால் எட்டுப் பேர் இருக்கிறார்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, இப்போது புரிகிறது. இன்னொன்று: பரிசு வரிசை தொடங்க இன்னும் ஒருவர் வெளியேற வேண்டிய நிலையில், என்னிடம் 15 பிக் பிளைண்ட் இருக்கிறது. என்னைவிட அதிகச் சிப்கள் உள்ளவர் ஆல் இன் போகிறார், என்னிடம் ஏஸ்-ஜாக். கால் செய்யலாமா?

பதில் 2:
சிப் கணக்கில் மட்டும் பார்த்தால் பெரும்பாலும் செய்யலாம். ஆனால் அந்தக் கட்டத்தில் சிப்களை இரட்டிப்பாக்கினாலும் எதிர்பார்க்கும் பரிசுத்தொகை இரட்டிப்பாவதில்லை. தோற்றாலோ எல்லாமே போய்விடும். வேறு மேசையில் 2 பிக் பிளைண்டுடன் ஒருவர் தவித்துக்கொண்டிருந்தால், தயங்காமல் மடக்கிவிடுங்கள். மாறாக, எல்லோரும் மடக்கி ஆட்டம் சுமால் பிளைண்டில் இருக்கும் உங்களிடம் வந்து, பிக் பிளைண்டில் இருப்பவரிடம் உங்களைவிடக் குறைவான சிப்களே இருந்தால், அதே ஏஸ்-ஜாக்குடன் நீங்களே முதலில் ஆல் இன் போங்கள். வெளியேறும் அச்சம் அப்போது அவருக்குத்தான்.