பனி உருக்கும் தரைக்கு வருஷா வருஷம் சர்வீஸ் தேவையா?

பாலக்கோட்டான்: சொந்த ஊர் பாலக்கோடு, வேலை மினசோட்டாவுல. நாங்க வாங்கின வீட்ல கார் ஏறி வர்ற கான்கிரீட் பாதைக்கு அடியில குழாய் பதிச்சிருக்கு. பாய்லர்ல சூடான கிளைக்கால் (தண்ணி உறையாம இருக்க ஊத்துற திரவம்) கலந்த தண்ணி அதுல சுத்தி வந்து பனியை உருக்கும். மூணு குளிர்காலமா கை வைக்கல. போன வாரம் பெய்த பனி எல்லாப் பக்கமும் கரைஞ்சிடுச்சு. காரேஜ் ஓரமா ரெண்டடி அகலத்துக்கு ஒரு பட்டை மட்டும் வெள்ளையா அப்படியே கிடக்கு. வருஷா வருஷம் சர்வீஸ் பண்ணணும்னு மெக்கானிக் சொல்றார். ஜனவரியில அப்பா அம்மா வர்றாங்க, அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனது. சர்வீஸ் அவசியமா?

காவேரிப்பட்டணம்: தம்பி, காசை வீணாக்காதே. அது மூடின குழாய், வெளிக்காத்தே படாது. அந்தப் பட்டைக்குப் போற குழாய்ல காத்து அடைச்சிருக்கும். திறந்து விட்டா சரியாயிடும். ஓரிகான்ல கிளமத் ஃபால்ஸ் ஊர்ல 1948லயே பூமிக்கடி வெந்நீரை வச்சு ரோட்டுப் பனியை உருக்கினாங்க. 50 வருஷம் கிட்ட ஓடுச்சு.

தொப்பூர் பட்டறை: அண்ணா, அங்க போட்டது இரும்புக் குழாய். அரிச்சு ஒழுகினதாலதான் 1998ல பேர்த்தெடுத்து பிளாஸ்டிக் குழாய் பதிச்சாங்க. சர்வீஸ் வேணும்னு சொல்ற எனக்குத்தான் நீங்க சொன்னது சாட்சி.

தொப்பூர் கணவாய் அடியில லாரிப் பட்டறை வச்சிருந்தவன் நான், இப்போ ஒன்டாரியோல பாய்லர் வேலை. லாரி ரேடியேட்டரும் மூடினதுதான். கூலன்ட் மாத்தாம ஓட்டின வண்டியில மூடியைத் திறந்தா துருத்தண்ணி வரும். இதுவும் அப்படித்தான். கிளைக்கால் நாள்பட நாள்பட அமிலமாகும். அரிப்பைத் தடுக்க அதுல கலந்திருக்கிற மருந்து தீர்ந்துட்டா பம்பும் பாய்லரும் உள்ளுக்குள்ள அரிபடும். பிளாஸ்டிக் குழாய்க்கு ஒண்ணும் ஆகாது, அதனால பாய்லர் போற வரைக்கும் வெளிய தெரியாது. இன்னொண்ணு: மூடின குழாய்க்குள்ள காத்து எப்படி வந்துச்சு? பிரஷர் மீட்டரைப் பாருங்க. ஒரு டம்ளர்ல அந்தத் தண்ணியைப் பிடிச்சு, தாளை நனைச்சு பிஹெச், அதாவது அமிலம் ஏறியிருக்கான்னு காட்டுற அளவு, பாருங்க. 7க்குக் கீழ இருந்தா அமிலமாயிடுச்சுன்னு அர்த்தம், மொத்தத் தண்ணியையும் மாத்தியாகணும்.

காவேரிப்பட்டணம்: பயமுறுத்தாதப்பா. சர்வீஸுக்குக் கொடுக்கிற காசுக்கு எத்தனை மூட்டை உப்பு வாங்கலாம்!

ஓசூர் அக்கா: உப்பு கான்கிரீட்டுக்குள்ள இறங்கி கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். முட்டி ஆபரேஷன் ஆன அம்மாவை உப்பு தூவின ஐஸ் மேல நடக்க விடவும் முடியாது. தம்பி, தரையில பதிச்சிருக்கிற சென்சாரைத் துடைச்சு வைங்க. அழுக்கு மூடினா பனி விழறதே அதுக்குத் தெரியாது. பனி நின்ன உடனே ஆஃப் பண்ணிடாதீங்க, ஈரம் காயற வரைக்கும் ஓடட்டும். இல்லன்னா உருகின தண்ணி கண்ணாடி மாதிரி உறைஞ்சிடும். தண்ணி வடியற வாய்க்காலையும் பாத்துக்கோங்க.

பாலக்கோட்டான்: காத்தைத் திறந்து விட்டேன். அரைமணி நேரம் புஸ்ஸுனு வந்துச்சு. சாயங்காலத்துக்குள்ள அந்தப் பட்டையும் கரைஞ்சிடுச்சு. அண்ணா சொன்னது சரி. ஆனா பிரஷர் முள் இறங்கியிருக்கு. பம்பு சேர்ற இடத்துல உப்புப் பூத்த மாதிரி வெள்ளையா படிஞ்சு, தொட்டா பிசுபிசுங்குது. டம்ளர்ல பிடிச்ச தண்ணி டீ டிகாஷன் நிறம். பிஹெச் 6.5.

தொப்பூர் பட்டறை: கசிவு அங்கதான். முதல்ல அதை அடைங்க, அப்புறம் மொத்தத்தையும் கழுவி விட்டு மாத்துங்க. ரேடியேட்டர்னு நான் சொன்னதுக்காக கார் கூலன்ட்டை ஊத்திடாதீங்க, அதுல இருக்கிற சிலிகேட் படிஞ்சு அடைச்சுக்கும். இதுக்குன்னு விக்கிற புரொப்பிலீன் கிளைக்காலை, தாது நீக்கின தண்ணியில கலக்குங்க. நம்ம ஊர் போர் தண்ணி காய்ச்சின பாத்திரத்துல வெள்ளையா படியுமே, உப்புத் தண்ணி ஊத்தினா பாய்லருக்குள்ளயும் அதேதான் நடக்கும்.

காவேரிப்பட்டணம்: டிகாஷன் நிறத்துக்கு என்கிட்ட பதில் இல்ல, மாத்திடு தம்பி. ஆனா வருஷா வருஷம் ஆளைக் கூப்பிடணும்ங்கிறதை இப்பவும் ஒத்துக்க மாட்டேன். அந்தப் பிஹெச் தாளை நீயே அக்டோபர்ல நனைச்சுப் பாக்கலாம்.