ஆமை ஓடு மெத்தென்று ஆகிவிட்டது, உதவுங்கள்

எங்கள் ரெட் இயர்டு ஸ்லைடர் ஆமைக்கு 2 வயது. ஒரு மாதமாக ஓட்டின் பின்பக்க ஓரம், லேசாக அழுத்தினாலே பிளாஸ்டிக் மூடி போல வளைகிறது. வளரும்போது மேல் தகடு கண்ணாடித்தாள் மாதிரி உரிவது இயல்புதான். ஆனால் இப்போது ஒரு தகட்டின் அடியில் ஈரமும் கெட்ட வாடையும் இருக்கிறது.

தொட்டி ஜன்னலோரம்தானே, வெயில் போதும் என்று நம்பியிருந்தேன். ஓடு கெட்டிப்பட வெயிலிலிருந்து கிடைக்க வேண்டிய யூவிபி என்ற புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும் என்று இப்போதுதான் தெரிந்தது. தீனியும் பெரும்பாலும் காய்ந்த இறால்தான். அப்புறம் யூவிபி விளக்கும், கால்சியத்துக்காகக் கணவாய் மீன் ஓடும் வாங்கிவிட்டேன். விளக்கை எவ்வளவு உயரத்தில், தினம் எத்தனை மணி நேரம் வைக்கிறீர்கள்? பக்கத்து மருத்துவமனையில் நாய், பூனை மட்டும்தான் பார்ப்பார்களாம். மதுரைப் பக்கம் ஆமைக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவர் இருந்தால் உடனே சொல்லுங்கள். நேற்றிலிருந்து தீனியைத் தொடவே இல்லை.