ரெட் டெயில் கேட்ஃபிஷுக்கு நல்ல இடம் தேவை – கீழக்கரை

வணக்கம். அண்ணன் வேலைக்காகத் துபாய் போய்விட்டதால், அவர் வளர்த்த ரெட் டெயில் கேட்ஃபிஷை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டடிக்கு மேல் வளர்ந்துவிட்டது. ஆறடித் தொட்டியில் திரும்பவே சிரமப்படுகிறது. பார்க்க மனசு கேட்கவில்லை.

இது அமேசான் பக்கத்து ஆற்று மீன், நாலடிகூட வளரும். "கண்மாயில் விடு, இல்லையென்றால் கடலில் விடு" என்கிறார்கள். நன்னீர் மீன் கடல் உப்பில் செத்துப்போகும். கண்மாயில் விட்டால் கெளுத்தி, கெண்டை, குஞ்சு என்று வாயில் அடங்குவதையெல்லாம் விழுங்கும். அந்த மீனை நம்பிக் குத்தகை எடுத்தவர்கள் இருக்கிறார்கள். இரண்டையும் நான் செய்யமாட்டேன்.

நல்ல ஃபில்டரோடு பெரிய சிமென்ட் தொட்டி வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். மழையில் நிரம்பி வழியும் குளம் வேண்டாம், சின்ன மீன்களோடும் விடக்கூடாது. பணம் வேண்டாம். வாங்கி மறுபடி விற்பவர்கள் தயவுசெய்து கேட்காதீர்கள்.

மதுரை, தூத்துக்குடி வரை நானே கொண்டுவருகிறேன். முதல் நாளே தீனியை நிறுத்தி, மூடி போட்ட டிரம்மில் காற்று மோட்டார் வைத்து, வெயில் தாழ்ந்ததும் கிளம்பலாம் என்றிருக்கிறேன். இவ்வளவு பெரிய மீனைக் கொண்டுபோன அனுபவம் உள்ளவர்கள், அடிபடாமல் தூக்குவது எப்படி என்று சொன்னால் பெரிய உதவி. அப்புறம், எடுத்துக்கொள்ள விரும்புபவர்கள் தொட்டியின் நீள அகலத்தோடு ஒரு படமும் அனுப்புங்கள்.