இரண்டாவது அப்பீல் போட்டுப் பத்து மாதம்: இன்னும் காத்திருக்கணுமா, தீர்ப்பாயம் போகலாமா?

கன்னர் வீட்டம்மா (குடியாத்தம் பக்கம்):

எல்லோருக்கும் வணக்கம். என் வீட்டுக்காரர் பீரங்கிப் படையில் 17 வருஷம் இருந்து, 2022 பிப்ரவரியில் ஹவில்தாராக வெளியே வந்தார். அதில் பெரும்பகுதி 155 மில்லிமீட்டர் பீரங்கிப் பக்கத்திலேயே போனது. இரண்டு காதும் மந்தம், வலது காது ரொம்ப மோசம். வெளியே வரும் முன் நடந்த மெடிக்கல் போர்டில் 20 சதவீத ஊனம், அதுவும் ஆயுளுக்கும் என்று எழுதினார்கள். அடுத்த வரியிலேயே, இது பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடியதும் இல்லை என்று எழுதிவிட்டார்கள். அந்த ஒரு வரியால், ஊன ஓய்வூதியம் கிடையாது என்று 2022 ஜூலையில் கடிதம் வந்தது.

அந்த நவம்பரில் முதல் அப்பீல் போட்டோம். 2024 மார்ச்சில் தள்ளுபடி. ஜூலையில் இரண்டாவது அப்பீல். இப்போது மே 2025. போன் பண்ணினால் 'பரிசீலனையில் இருக்கிறது' என்கிறார்கள், அவ்வளவுதான்.

சர்வீஸ் பென்ஷன் வருகிறது, சாப்பாட்டுக்குக் கஷ்டம் இல்லை. மனசுதான் ஆறமாட்டேன் என்கிறது. தபால்காரர் பெல் அடித்தால் இவருக்குக் கேட்காது. ஒருமுறை நான் ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது பதிவுத் தபால் வந்து, கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. கடைசியில் அது பேங்க் செக் புக்தான். ஆனாலும் அன்றிலிருந்து தினமும் பதினொரு மணிக்குத் திண்ணையில் நாற்காலியைத் தெருப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். சைக்கிள் தெருமுனை திரும்பும்போதே எழுந்து நிற்கிறார். தபால்காரர் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போன பிறகுதான் சாப்பிட உள்ளே வருகிறார்.

பதில் வராமலே ஆயுதப்படைகள் தீர்ப்பாயம் (படைவீரர்களின் பணி, பென்ஷன் வழக்குகளை விசாரிக்கும் இடம்) போக முடியுமா? போனால் அந்தக் கோபத்தில் அப்பீலைத் தள்ளிவிடுவார்களோ என்று இவருக்குப் பயம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற சுபேதார் (திருவண்ணாமலை):

தங்கச்சி, தாராளமாகப் போகலாம். ஆயுதப்படைகள் தீர்ப்பாயச் சட்டம் 2007, பிரிவு 21 என்ன சொல்கிறது என்றால், மனு கொடுத்து ஆறு மாதத்துக்குள் முடிவு வராவிட்டால், துறைக்குள் இருந்த வழியெல்லாம் பார்த்தாகிவிட்டது என்றே எடுத்துக்கொள்வார்கள். உங்களுக்கு அது ஜனவரியிலேயே முடிந்துவிட்டது.

ஆனால் இங்கேதான் கவனம் வேண்டும். பிரிவு 22-இன்படி, அந்த ஆறு மாதம் முடிந்ததிலிருந்து அடுத்த ஆறு மாதத்துக்குள் வழக்குப் போடணும். அதாவது வரும் ஜூலைக்குள். தாண்டிவிட்டால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு போடலாம், பென்ஷன் விஷயத்தில் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் நிலுவைத் தொகை? 2008-இல் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை வைத்து, தாமதமாக வருகிறவர்களுக்கு வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருஷத்துக்குத்தான் கொடுக்கிறார்கள். இவர் வந்தது 2022 பிப்ரவரி. நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் கையை விட்டுப் போகலாம்.

கோபம் என்கிற பேச்சே வேண்டாம். உரிமையைக் கேட்டு வழக்குப் போட்டவனைப் பழிவாங்கியதாக என் சர்வீஸில் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. அவரிடம் இதைச் சத்தமாகச் சொல்லுங்கள்.

சிக்னல்ஸ் நாயக் (கம்பம்):

அக்கா, நான் இந்த வழியில் போய் ஜெயித்து வந்தவன். எனக்கு ரத்தக் கொதிப்பு. எழுதியது அதே வரிதான்.

மெடிக்கல் போர்டு தாளை எடுத்து, பணிக்குத் தொடர்பில்லை என்பதற்குக் காரணம் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் (அவரும் எங்கள் சிக்னல்ஸ், அதாவது படையின் தகவல் தொடர்புப் பிரிவு ஆள்தான்) உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: படையில் சேரும்போது உடம்பில் குறை இருந்ததாக ஒரு குறிப்பும் இல்லையென்றால் நல்ல உடம்போடு சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். பிறகு வந்த கேட்டுக்குப் பணி காரணமில்லை என்றால் அதைப் போர்டுதான் காரணத்தோடு எழுத வேண்டும். நிரூபிக்கிற பாரம் நம்மேல் இல்லை. சந்தேகம் வந்தால் அதன் பலனும் நமக்குத்தான்.

20 சதவீதம் தானே என்று விட்டுவிடாதீர்கள். நூறு சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது கணக்கு. அப்படிப் பார்த்தால் இவருக்கு 6 சதவீதம்தான் வரும். ஆனால் 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில், முழுக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் 20-ஐ 50 ஆக உயர்த்திக் கொடுக்கணும் என்று தீர்ப்பாகிவிட்டது. அப்போது 15 சதவீதம். அகவிலை நிவாரணம் தனி.

இன்னொன்று. 'ஜெயித்தால் நிலுவையில் பாதி' என்று பேசுகிற புரோக்கர்கள் வருவார்கள். வாசலோடு அனுப்பிவிடுங்கள். எங்கள் ஊரில் காலை இழந்த ஒரு பையனிடம் அப்படி வாங்கிக்கொண்டு போனதைப் பார்த்து எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் முதலில் கேளுங்கள்.

கன்னர் வீட்டம்மா:

அண்ணா, தம்பி, இரண்டு பேருக்கும் நன்றி. பிளாஸ்டிக் கவரில் சுற்றி பீரோ அடியில் வைத்திருந்த தாள்களை நேற்று ராத்திரி எடுத்துப் பார்த்தோம். காரணம் என்ற இடத்தில் 'பணியோடு தொடர்பில்லை' என்று மட்டும் இருக்கிறது. ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. இவர் விரலை வைத்து மூன்று தடவை படித்தார்.

சேரும்போது எடுத்த மருத்துவத் தாள் எங்களிடம் இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து இன்று அனுப்பினோம். அவரே எழுதி, அவரே தபால் ஆபீஸ் போனார். அந்த நேரம் தபால்காரர் வந்தவர், நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்து, 'எங்கே அண்ணன், உடம்புக்கு என்ன?' என்று விசாரித்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை சென்னையில் வக்கீலைப் பார்க்கிறோம். வேறு என்ன எடுத்துப் போகணும்?

காது பரிசோதகர் (மதுரை):

அம்மா, ஆடியோகிராம் தாள்கள், அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று கோடு போட்டுக் காட்டும் தாள்கள், எத்தனை இருந்தாலும் எடுத்துப் போங்கள், பழையது ரொம்ப முக்கியம். வயசால் வரும் மந்தத்தில் கோடு பொதுவாகத் தாளின் வலது பக்கம், அதாவது கீச்சென்ற ஒலிகளின் பக்கம், போகப் போகச் சரிந்துகொண்டே போகும். வெடிச் சத்தத்தால், இரைச்சலால் கெட்ட காதில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விழுந்து, 8000-இல் கோடு கொஞ்சம் மேலே ஏறும். நாள்பட்டால் இரண்டும் கலந்து பள்ளம் மறைந்துவிடும். அதனால்தான் பழைய தாளைக் கேட்கிறேன்.

கன்னர் வீட்டம்மா:

2016 தாள் இருக்கிறது. அப்போது இவருக்கு 31 வயசு. 4000-இல் பள்ளம், இரண்டு காதிலும்.