அங்கிலிக்கன் என்றால் எதை நம்புகிறவர்கள்?

கொட்டாஞ்சேனைப் பிள்ளை:
நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம். தை மாதம் எனக்குக் கலியாணம், மாப்பிள்ளை அங்கிலிக்கன். போன ஞாயிறு அவரோடு ஜிந்துப்பிட்டி புனித தோமா ஆலயத்துக்குப் போனேன், விசுவாசப் பிரமாணம், நற்கருணை எல்லாம் எங்களுடையதைப் போலத்தான் இருந்தது. வீட்டில் கேட்டால் "ராசா விவாகரத்துக்காகத் தொடங்கின சபை" என்று முடித்துவிடுகிறார்கள். அவரோ "கத்தோலிக்கத்துக்கும் புரட்டஸ்தாந்துக்கும் நாங்கள் நடுவில்" என்கிறார். நடுவில் நின்று எதைத்தான் நம்புகிறீர்கள்?

தெஹிவளை அண்ணா:
தங்கச்சி, இங்கிலாந்து ராசா எட்டாம் ஹென்றி 1534இல் றோமோடு முறித்துக்கொண்டது உண்மை. ஆனால் அவர் சாகும்வரை பூசை லத்தீனில்தான் நடந்தது. சபைக்கு உருவம் கொடுத்தது 1549இல் ஆங்கிலத்தில் வந்த ஆராதனை நூலான பொது ஜெபப்புத்தகம். பொல்வத்தை புனித மிக்கேல் ஆலயத்தில் தூபம் காட்டுவார்கள், வேறு ஆலயங்களில் அது அறவே பிடிக்காது, நற்கருணையைப் பற்றியும் ஆளுக்கொரு விளக்கம் வைத்திருப்போம். என்றாலும் ஒரே வரிசையில் முழங்காலிட்டு, உள்ளங்கையில் அப்பத்தை வாங்கி, ஒரே கிண்ணத்தில் குடிக்கிறோம். குருவானவர் விளிம்பைத் துடைத்து, கொஞ்சம் திருப்பி அடுத்தவருக்குக் கொடுப்பார். கருத்து ஒத்துவரும் மட்டும் காத்திராமல் சேர்ந்து ஜெபிக்கிற இந்தப் பழக்கம்தான் என்னை இந்தச் சபையில் வைத்திருக்கிறது.

வெள்ளவத்தை வாசகர்:
அண்ணா சொல்வதோடு நிறுத்தினால் யாரும் எதையும் நம்பலாம் என்றாகிவிடும், அதை நான் ஏற்கமாட்டேன். வேதாகமம், அப்போஸ்தலர் பிரமாணமும் நைசியா பிரமாணமும், ஞானஸ்நானமும் திருவிருந்து எனும் நற்கருணையும், வழிவழியாக வரும் பேராயர் ஊழியம் என்று உலகெங்குமுள்ள அங்கிலிக்கன் பேராயர்கள் கூடிய 1888 லம்பெத் மாநாடு நான்கைத் தெளிவாகச் சொன்னது. இவை போனால் அழகான ஆராதனை மட்டும்தான் மிஞ்சும். அப்புறம், இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பேராயரான கன்டர்பரி பேராயர் பாப்பரசரைப் போல உலகம் முழுவதும் உத்தரவு போடுகிறவர் அல்ல. ஆனால் நம் இலங்கைத் திருச்சபை, மாகாணம் என்று சொல்லப்படும் அங்கிலிக்கன் சபைப் பிரிவுகள் எதிலும் சேராதது, 1845இல் வந்த கொழும்பு, 1950இல் வந்த குருநாகல் ஆகிய நம் இரண்டு மறைமாவட்டங்களும் நேரே அவருடைய பொறுப்பில் இருக்கின்றன.

கொட்டாஞ்சேனைப் பிள்ளை:
சரி, நான் கத்தோலிக்கராகவே இருந்துகொண்டு உங்கள் கிண்ணத்தில் பங்கெடுக்கலாமா?

தெஹிவளை அண்ணா:
எங்கள் பக்கம் பொதுவாக வரவேற்போம். உங்கள் சபைச் சட்டம் விடாது, மனச்சாட்சியை மீறி வாங்க வேண்டாம், கைகட்டி நின்றால் குருவானவர் ஆசீர்வாதம் கொடுப்பார். அதைவிட அவசரம் கலியாண அனுமதி. கலப்புத் திருமணத்துக்கு உங்கள் ஆயரிடம் அனுமதி எடுக்கவேண்டும், இந்தக் கிழமையே பங்குத்தந்தையைப் போய்ப் பாருங்கள், மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு.