'அப்ஸ்டேஜ்' என்ற வினைக்குத் தமிழில் என்ன எழுதுவது?

வணக்கம். ஆங்கில மேடை நடிகர் ஒருவரின் பயிற்சிக் குறிப்புகளை மூன்று மாதங்களாகத் தமிழாக்கி வருகிறேன். 'அப்ஸ்டேஜ்' என்ற ஒரே சொல்லில் இரண்டு வாரமாக நின்றுவிட்டேன்.

பெயர்ச்சொல்லாக அதன் பொருள் தெளிவுதான். பழைய ஆங்கில அரங்குகளில் மேடை பின்பக்கம் உயர்ந்து, பார்வையாளர் பக்கம் சரிந்திருந்ததால், பின்பகுதிக்கு அப்பெயர் வந்தது. மேடை சமதளமான பிறகும் பெயர் போகவில்லை. வினையாகும்போதுதான் சிக்கல். உடன் நடிப்பவர் பேசிக்கொண்டிருக்கையில் ஒருவர் மெல்லப் பின்னால் நகர்ந்தால், பேசுபவர் அவரைப் பார்க்க அவைக்கு முதுகு காட்டித் திரும்ப வேண்டியிருக்கும். அவைக்குத் தெரிவது பின்னால் நிற்பவரின் முகம் மட்டுமே. பிறர்மேல் விழவேண்டிய கவனத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொள்வது என்ற பொதுப் பொருள் இதிலிருந்து விரிந்ததே.

என்னிடமுள்ள இரு அகராதிகளும் 'மேடையின் பின்புறம்' என்பதோடு நின்றுவிடுகின்றன. 'ஓரங்கட்டினார்' என்று எழுதினால் ஆளையே ஒதுக்கியதாகிறது. 'விஞ்சினார்' என்றால் பாராட்டாகிவிடுகிறது. 'இருட்டடிப்புச் செய்தார்' என்பதில் பத்திரிகை வாடை. தெருக்கூத்துக் கலைஞர் ஒருவரைக் கேட்டேன்; மூன்று பக்கமும் ஆட்கள் உட்கார்ந்திருக்கும் களரியில் யாருக்காவது முதுகு காட்டித்தானே ஆக வேண்டும் என்று சிரித்தார்.

நான் சிக்கியிருக்கும் இடம் இது: கதாநாயகன் உருகிப் பேசும்போது, உடன் நடிப்பவள் இருந்த இடத்திலிருந்தே தேநீரைக் கரண்டியால் கலக்கிக் கலக்கி அவனை 'அப்ஸ்டேஜ்' செய்கிறாள். இம்மாத இறுதிக்குள் படியை ஒப்படைக்க வேண்டும்.

இந்தச் செயலைக் குறிக்க, தமிழ் நாடகக் குழுக்களின் ஒத்திகைப் பேச்சில் புழங்கும் வினைச்சொல் ஏதேனும் உண்டா?